எங்களிடம் பூனை இல்லை

ருஸ்தாவி கார்ச் சந்தையின் கடைசி வரிசையில்
ஸ்டிக்கர் கடை வைத்திருக்கும் ஜாபா
எங்கள் வண்டியின் இடப்பக்கக் கதவைத் திறந்து
குனிந்து பார்த்துவிட்டுக் கேட்டான்:
"பூனை வளர்க்கிறீர்களா?"

"ஆமாம்" என்றார் கூராம்,
கண் இமைக்காமல்.

ஜப்பானில் யாரோ ஓட்டிக் கழித்த வண்டி.
ஸ்டீயரிங் வலப்பக்கம்.
ஜார்ஜியாவில் நாங்கள் போவதும் வலப்பக்கம்.
அதனால் மூவாயிரம் லாரி மிச்சம் என்றார்.
எங்கள் பணத்துக்குப் பெயர் லாரி.
எதிரே வருவதும் லாரிதான்.
ஒன்பது வருடமாக
அந்த மிச்சத்தை
நேருக்கு நேர் பார்த்துக்கொண்டு வருகிறவள் நான்.

சாவியைத் திருப்பினால்
உள்ளே ஒரு ஜப்பானியப் பெண் ஏதோ சொல்கிறாள்.
வணக்கமோ எச்சரிக்கையோ, யாருக்குத் தெரியும்.
அவளுக்கு மட்டும் தினமும்
"சரிம்மா" என்கிறார்.

முன்னால் போகும் வண்டியைத் தாண்டுவதென்றால்
அவருக்குத் தெரிவது அதன் முதுகு.
சாலை தெரிவது எனக்கு.
"பார்" என்பார்.
எட்டிப் பார்த்து
"போ" என்பேன், இல்லை "வேண்டாம்" என்பேன்.
கல்யாணத்தன்று சொன்னதெல்லாம் மறந்துவிட்டது,
இந்த இரண்டு சொல்லில்தான் குடும்பம் ஓடுகிறது.

"பார்" என்பதற்கும் "போ" என்பதற்கும் நடுவில்
என் இடக்கை
கதவில் ஓடும் அந்த மரப்பட்டையைப் பற்றிக்கொள்ளும்.
மரமில்லை, மரம் போன்ற பிளாஸ்டிக்.
நகக்குறி என்றதும் சிரிக்காதீர்கள்,
இது அந்த நகக்குறி அல்ல.
இதோ இந்த நான்கும் குடாவுரி வளைவு.
இது ஜ்வாரி கணவாய், மூடுபனி, ஆட்டு மந்தை.
ஆழமாக இருக்கிறதே, அது
நான் "வேண்டாம்" என்று சொன்ன பிறகும்
அவர் போனது.

ஜாபா துண்டுகளைப் பரப்பினான்.
கார்பன் ஃபைபர் போல.
தேய்த்த அலுமினியம் போல.
வால்நட் போல.
பியானோக் கறுப்பு போல; அதில் விரல் பட்டால்
துடைத்தே ஆயுசு போய்விடும்.
எல்லாவற்றுக்கும் வாலில் ஒரு 'போல'.
ஒரு பொய்மேல் இன்னொரு பொய் ஒட்ட
சூடு காட்ட வேண்டுமாம்,
ஹீட் கன்னை எடுத்து ஊதிக் காட்டினான்.

கூராமுக்கு கார்பன்மேல்தான் கண்.
ஐம்பத்து நான்கு வயது,
இடுப்பில் டாக்டர் கொடுத்த பெல்ட்,
மனசு மட்டும் பந்தயத்தில்.

"கீறலை நிரப்பித் தேய்த்துவிட்டுத்தான் ஒட்ட வேண்டும்,
இல்லையென்றால் எதைப் போர்த்தினாலும்
மேலே எழுந்து தெரியும்" என்றான் ஜாபா.

அப்போதுதான் வாய் திறந்தேன்:
"இதில் எது நகத்தைத் தாங்கும்?"

ஒருவரும் பேசவில்லை.
பின்கடையில் யாரோ டயரை உருட்டிக்கொண்டு போனார்கள்.
ஜாபா என் கைகளைப் பார்த்தான்.
நான் மறைக்கவில்லை.
பிறகு மேசைக்கு அடியில் துழாவி
ஒரு சுருளை எடுத்தான்:
சொரசொரப்பு, தடிமன், கத்தரிக்காய் நிறம்.
நாணயத்தால் அழுத்தி இழுத்தான்.
கோடு விழவில்லை.
"யாரும் வாங்க மாட்டார்கள்" என்றான்,
பாதி விலை சொன்னான்.

முடிவில் அவர் பக்கம் கார்பன்,
என் பக்கம் கத்தரிக்காய்,
நடுவில் ஏசித் துவாரம் எல்லை.
"கோமாளிச் சட்டை மாதிரி இருக்கிறது."
"உன் பக்கத்தை மட்டும் பார்த்து ஓட்டு."

திரும்பும் வழியில்
தக்காளிப் பெட்டி ஏற்றிய லாரி ஒன்று முன்னால்.
"பார்" என்றார்.
எட்டிப் பார்த்தேன். மேடு வரைக்கும் காலி.
கை தானாகப் போய்
புதுத் தோலில் பழைய பள்ளங்களைத் தேடியது,
அடைத்துவிட்டிருந்தான், ஒன்றுவிடாமல்.
"என்ன?" என்றார்.
உள்ளங்கையை விரித்து அதன்மேல் வைத்துக்கொண்டேன்.
இன்னும் கொஞ்சம் சூடு இருந்தது.
"சொல்லேன்."

தக்காளி வாசனைக்குப் பின்னாலேயே
கொஞ்ச தூரம் போனோம்.